தூண்டில் போட்ட இடத்தில் வயல் மண்!

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டுக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் காய்கறித் தோட்டங்கள்தான். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, முட்டைக்கோஸ் என மலைச்சரிவு முழுக்கப் பாத்திகள். நடுநடுவே தேயிலை. சரிவு முடிகிற இடத்தில் தண்ணீர். முதல்முறை வருகிறவர்கள் அதை ஏரி என்றே நினைப்பார்கள். ஏரி இல்லை, மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டிய அணை.

அந்தத் தண்ணீருக்கு மேலே, சரிவில் ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கேரட் போடுகிறார் ஒரு விவசாயி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பத்து வயதில் இந்தக் கரையில் தூண்டில் போட ஆரம்பித்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதம், பேரனுக்குத் தான் மீன் பிடித்த இடத்தைக் காட்டலாம் என்று கூட்டிப்போனார். போன இடத்தில் அவர் பார்த்தது, விவசாயம் செய்யும் முறையையே மாற்ற வைத்துவிட்டது.

மின்சாரத்துக்காக நின்ற தண்ணீர்

நீலகிரியின் உயரமான பகுதிகளில் இன்று நாம் பார்க்கும் பெரிய நீர்நிலைகள் எல்லாமே மனிதர் கட்டியவை. ஊட்டி ஏரிகூட 1823-ல் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து உருவாக்கத் தொடங்கியதுதான். பிறகு வந்தது மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. கோவை நூற்பாலைகளும், கோவை வட்டாரக் கிணறுகளில் இறங்கிய பம்புசெட்டுகளும் அந்த மின்சாரத்தில்தான் ஓடின. கவலை ஏற்றத்தில் மாடு கட்டி இறைத்த விவசாயிக்கு, இந்த மலைத் தண்ணீர் கம்பி வழியாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது குந்தா திட்டம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியோடு 1950-களில் வேலை தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு அணைகள் 1960-களின் தொடக்கத்தில் நிரம்பின. மலை உச்சியில் பிடித்த தண்ணீரைச் சுரங்கத்திலும் குழாயிலும் இறக்கி, ஒரு மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றவிட்டு, அதே தண்ணீரை அதற்குக் கீழே உள்ள நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். கடைசியில் அது பில்லூர் வழியாகப் பவானி ஆற்றில் போய், பவானிசாகரில் சேர்கிறது. ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்காலில் மடை திறக்கும் விவசாயி, எமரால்டு தண்ணீரையும் சேர்த்துத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார்.

கடல் தாண்டி வந்த மீனும் மனிதரும்

இந்த மலையின் உயரமான ஓடைகளில் முன்பு இருந்தவை விரல் நீளச் சிறுமீன்கள்தான். தூண்டில் விளையாட்டில் ஆசை கொண்ட வெள்ளைக்காரர்களுக்கு அது போதவில்லை. ட்ரவுட் மீனைக் கொண்டுவர 1863-லேயே டாக்டர் பிரான்சிஸ் டே முயன்றார். கப்பல் பயணத்தின் வெப்பத்தை அவை தாங்கவில்லை. எச்.சி. வில்சன் காலத்தில் 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகுதான் வானவில் ட்ரவுட் இங்கே நிலைத்தது. தாய்மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டையை எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, குளிர்ந்த நீர் ஓடும் தொட்டியில் பொரிக்க வைக்கும் முறை அது. ட்ரவுட்டுக்குத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும், தெளிந்தும், ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். சேறு படிந்தால் முட்டை மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

இன்னொரு மீன் கண்ணாடிக் கெண்டை. சாதாக்கெண்டையில் ஒரு வகை. உடம்பு முழுக்கச் செதில் இருக்காது, அங்கங்கே காசு அளவில் பெரிய செதில்கள் பளபளக்கும். இது 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்கு வந்தது. ட்ரவுட்டைப் போல நோயாளிப் பிள்ளை இல்லை. நின்ற நீரிலேயே, நீர்ச்செடிகளில் முட்டையை ஒட்டவைத்துப் பெருகும். சேற்றைக் கிளறித் தின்னும். ஊட்டியிலிருந்து மற்ற நீர்நிலைகளுக்கும் பரவியது.

அந்த மீன் வந்த அதே தீவிலிருந்துதான் நம் விவசாயியின் குடும்பமும் வந்தது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அவர், 1973-ல் பத்து வயதில் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் சில நாள்கள், பிறகு ரயில், பிறகு நீலகிரி. அப்படி வந்தவர்களில் பலர் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். இவருடைய அப்பா காய்கறித் தோட்டக் கூலியாக எமரால்டு பக்கம் வந்து சேர்ந்தார்.

செருப்புத் துண்டில் ஒரு மிதப்பு

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, பள்ளியும் இல்லை. பிள்ளைகள் விடியும் முன்பே அணைக்குக் கிளம்பிவிடுவார்கள். பட்டாணிக்கொடிக்கு ஊன்றிய குச்சியில் நேரானது ஒன்றைத் தோட்டக்காரருக்குத் தெரியாமல் உருவிக்கொள்வார்கள். அதுதான் தூண்டில் கம்பு. நரம்பும் முள்ளும் மட்டும் ஊட்டி மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கியவை. பிய்ந்த ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி நடுவில் துளையிட்டால் மிதப்பு தயார். எருக்குழியில் தோண்டிய மண்புழுவும், அவித்த உருளைக்கிழங்கில் மைதா சேர்த்துப் பிசைந்த உருண்டையும் இரை.

“கெண்டை உடனே இழுக்காதுங்க. முதல்ல மோந்து பாக்கும். மிதப்பு லேசா ஆடும், நிக்கும், மறுபடி ஆடும். அவசரப்பட்டா போச்சு. கை விறைச்சுப் போயிருக்கும், ஆனா கம்பை விட மனசு வராது” என்று அந்தக் காலைகளைச் சொல்லும்போது, இப்போதும் அவருடைய வலது கை தானாக ஒரு கம்பைப் பிடிக்கிறது.

ட்ரவுட் பிடிக்க உரிமம் வேண்டும். அதை ஊட்டியிலிருந்து ஜீப்பில் வரும் பெரிய மனிதர்கள் வைத்திருந்தார்கள். காவலாளியின் விசில் கேட்டால் பிள்ளைகள் தேயிலைக்குள் புகுந்துவிடுவார்கள். மாட்டிக்கொண்டால் கம்பு உடையும், மீன் போய்விடும். ஒரு கிலோ கெண்டை கிடைத்த நாள் வீட்டில் விசேஷம். முள் அதிகம், சேற்று வாடையும் உண்டு. கல் உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீரில் அலசி, புளி கரைத்துக் குழம்பு வைப்பார் அம்மா. இலங்கையில் மீனுக்குப் போடும் கொறுக்காய் இங்கே கிடைக்கவில்லை என்ற குறை அவருக்குக் கடைசி வரை இருந்தது.

மீன் இருக்கும் இடத்தைப் பிள்ளைகள் கரையை வைத்தே கண்டுபிடித்தார்கள். தென்மேற்குப் பருவமழையில் அணை நிரம்பும். பிறகு மின்சாரத் தேவைக்கு ஏற்ப இறங்கிக்கொண்டே போய், மே மாதம் அடிமட்டத்துக்கு வரும். இறங்கிய தண்ணீர் கரையில் வளையம் வளையமாகக் கோடு போட்டிருக்கும். ஓடை வந்து சேரும் ஒரு மூலையில் மட்டும் கோடையிலும் ஆளுயரத் தண்ணீர் நிற்கும். அடியில் கல்லும் மணலும் கண்ணுக்குத் தெரியும். அதுதான் அவருடைய இடம்.

“இவ்வளவு மண்ணு எங்கேருந்து தாத்தா?”

இரண்டு வருடங்களுக்கு முன்பு பேரனோடு போனபோது அந்த மூலையில் தண்ணீர் இல்லை. வெடிப்பு விட்ட களிமண் திட்டு ஒன்று, அதில் புல் முளைத்திருந்தது. கையிலிருந்த குச்சியை ஊன்றினார். முழுக் குச்சியும் உள்ளே போனது. கல்லில் தட்டவே இல்லை.

“இவ்வளவு மண்ணு எங்கேருந்து தாத்தா வந்துச்சு?”

பதில் சொல்வதற்கு முன்பு குனிந்து ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தார். கறுத்த மேல்மண். உள்ளே உரச்சாக்கு நூல், சொட்டுநீர்க் குழாயின் சின்னத் துண்டு. திரும்பி மேலே பார்த்தார். ஓடை வரும் வழியில் ஏழெட்டுத் தோட்டங்கள். அவற்றில் ஒன்று அவருடையது. எல்லாத் தோட்டங்களிலும் பாத்தி மேலிருந்து கீழாக, சரிவின் போக்கிலேயே ஓடியது.

“நம்ம தோட்டத்துலேருந்துதான் சாமி” என்றார்.

நீலகிரியில் பலரும் பாத்தியை மேலிருந்து கீழாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் நின்றால் கேரட்டும் உருளைக்கிழங்கும் அழுகிவிடும். சரிவோடு பாத்தி இருந்தால் மழைநீர் சட்டென்று வடிந்துவிடும். ஆனால், அது சும்மா போவதில்லை. தொழு உரம், அடியுரம், சுண்ணாம்பு எல்லாம் கலந்த மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது. கொட்டும் மழையோ இங்கே சாதாரணமானது இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. பல மாவட்டங்களுக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழை அது.

இந்த மண்ணெல்லாம் கீழே அணைகளில் சேர்கிறது. குந்தா பாலம், பில்லூர் அணைகளில் வண்டல் சேர்வது மின்வாரியத்துக்குப் பெரிய தலைவலி. வண்டல் சேரச் சேர நீர் பிடிக்கும் இடம் குறைகிறது. மீனுக்கும் இதே கதைதான். கல்லும் மணலும் மூடிய இடத்தில் ட்ரவுட் முட்டையிடாது. சேற்றிலும் பிழைக்கும் கெண்டை மட்டும் மிஞ்சும். சேறு தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் அதுவும் இருக்காது.

பாத்தியைத் திருப்பினார்

மண் அரிப்பைத் தடுக்கும் வழி ஊட்டிக்குப் புதிது இல்லை. மண்வள ஆராய்ச்சிக்கென்றே 1954-ல் இங்கே மத்திய அரசின் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. படிப்படியாக மட்டம் தட்டி, ஒவ்வொரு படியும் மலைப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும்படி அமைப்பதே சிறந்த வழி. அதற்குச் செலவு அதிகம். குத்தகை நிலத்தில் அவரால் அது முடியாது. செலவில்லாமல் முடிந்ததைச் செய்தார்.

முதலில், பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பினார். முதல் போகத்தில் அடி வாங்கினார். தண்ணீர் பாத்தி நடுவில் தேங்கி, ஒரு பகுதி கேரட் அழுகிவிட்டது. அடுத்த போகத்தில் பாத்தியை முழு மட்டமாக எடுக்காமல், பக்கவாட்டு வடிகாலை நோக்கி லேசான சாய்வு கொடுத்தார். தண்ணீர் மெல்ல நடந்து போனது. அழுகல் நின்றது. வடிகாலின் இரண்டு ஓரமும் புல் நட்டார். வேகமாக ஓடும் தண்ணீர் வடிகாலையே அறுத்துவிடாமல் புல்லின் வேர் பிடித்துக்கொள்கிறது, அறுத்து மாட்டுக்கும் போடலாம். தோட்டத்தின் கீழ் மூலையில், வடிகால் ஓடையில் சேரும் முன்பு ஒரு குழி வெட்டினார். தண்ணீர் அதில் நின்று, மண்ணைக் கீழே விட்டுவிட்டு வழிந்து போகும். மழை ஓய்ந்ததும் குழியில் சேர்ந்த மண்ணைக் கூடையில் அள்ளி மேல் பாத்தியில் கொட்டுகிறார். மலையில் கூடை சுமந்து ஏறுவது லேசான வேலை இல்லை. அவருடைய மனைவியும் சேர்ந்துதான் சுமக்கிறார்.

“அடுத்தவர் நிலத்துக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?” என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்கிறார்கள். “நிலம் அவங்களோடதுதான். உரம் நான் வாங்கிப் போட்டதுங்களே” என்பது அவர் பதில். ஏழெட்டுத் தோட்டங்களில் இப்போது இரண்டில் பாத்தி குறுக்கே ஓடுகிறது. மற்றவர்கள் இவருடைய அடுத்த அறுவடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்கு

பண்ணைக்குட்டை வெட்டியவுடன் ‘எந்த மீன் விடலாம்?’ என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எமரால்டு கரை அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது: குட்டைக்குள் வரும் தண்ணீர் எந்த வழியாக, எதைச் சுமந்துகொண்டு வருகிறது? வரத்து வாய்க்காலில் மண் தேங்கும் குழி ஒன்று இருந்தால் குட்டை சீக்கிரம் தூராது. மீன் தேர்விலும் கவனம் வேண்டும். கட்லா, ரோகு போன்றவை தேங்கிய குட்டையில் இனப்பெருக்கம் செய்வதில்லை, விட்ட எண்ணிக்கை பெருகாது. சாதாக்கெண்டை குட்டையிலேயே பெருகும், சேற்றையும் கரையையும் கிளறும். 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இன்று தமிழ்நாட்டில் இல்லாத குளம் குறைவு. விட்ட மீனைத் திரும்ப எடுப்பது எளிது இல்லை.

எமரால்டு பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோடையில் தண்ணீர் இறங்கிய கரை காய்ந்த தரை போலத் தெரியும். மேலே ஓடு, உள்ளே இடுப்பளவு சேறு. பிள்ளைகளை இறங்க விடக்கூடாது. மீன்வளத்துறையின் அனுமதி இல்லாமல் தூண்டில் போடவும் கூடாது. அவலாஞ்சிக்குள் போக வனத்துறையின் வண்டிதான்.

தூர்ந்த மூலை அப்படியேதான் இருக்கிறது. அங்கே இனி ஆளுயரத் தண்ணீர் நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. போன ஜூனில் முதல் மழை பிடித்தபோது, தாத்தாவும் பேரனும் ஒரே குடையில் குழிக்கரையில் நின்றார்கள். மேலேயிருந்து வந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. குழியைத் தாண்டி வழிந்தது கொஞ்சம் வெளுத்திருந்தது. பேரன் அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு குழி வெட்டலாமா தாத்தா?” என்று கேட்டான். மறுநாள் மழை விட்ட நேரத்தில், முதல் குழிக்குக் கீழே இரண்டாவது குழியை வெட்டத் தொடங்கினார்கள்.