நாங்கள் கேட்ட வேகம்

உடன்குடி என்றதும் எல்லாருக்கும் கருப்பட்டிதான் நினைவுக்கு வரும். எங்களுக்கோ பள்ளியின் முதல் மணிதான் நினைவுக்கு வரும். கடற்கரைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து படிக்க வரும் நாங்கள் ஒன்பது பேர் அந்த மணிக்கு அஞ்சியே ஒவ்வொரு நாளையும் தொடங்குகிறோம். காலைப் பேருந்தைத் தவறவிட்டால் ஆட்டோதான். மூன்று பேர் அமரவேண்டிய ஆட்டோவில் ஒன்பது பேரும் ஒன்பது புத்தகப் பைகளும் எப்படி அடங்கினோம் என்பதை எங்கள் கணித ஆசிரியையாலும் விளக்க முடியாது.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள். பேருந்து போய்விட்டது. ஆட்டோவில் ஏறியதும், "அண்ணாச்சி, ஜெபம் தொடங்கிரும், சீக்கிரம் போங்க" என்றாள் ஒருத்தி. "இன்னும் கொஞ்சம் விரசா" என்றாள் மற்றொருத்தி. "பைய போவோம் பிள்ளையளா" என்று அவர் முதலில் சிரித்தார். பிறகு எங்கள் நச்சரிப்புத் தாங்காமல் வேகத்தைக் கூட்டினார். நாங்கள் கைதட்டினோம். அதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த வளைவில் உடைமரங்கள் எதிர்ச் சாலையை மறைத்துக்கொண்டிருந்தன. திரும்பியதும் எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர். பின்னால் இரண்டு குடம் பதநீர். பிரேக் பிடித்த ஓசையும் எங்கள் அலறலும் ஒன்றாய் எழுந்தன. ஆட்டோ உரசியதில் பெரியவர் கீழே விழுந்தார். அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. பதநீர் சாலையில் ஓடி மணலில் இறங்கிற்று.

ஆட்டோ அண்ணாச்சி ஓடிவிடவில்லை. 108-க்கு அழைத்தார், பெரியவரைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டார், காவல் நிலையத்திலும் தாமே போய்ச் சொன்னார். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு கூறுவதை நாங்கள் பின்னர்தான் படித்தோம்.

அன்று மாலை சிஸ்டர் எங்களை அழைத்தார். திட்டு விழும் என்று நடுங்கிக்கொண்டு நின்றோம்.

"வண்டியை ஓட்டியது யார்?"

"ஆட்டோக்காரர், சிஸ்டர்."

"வேகமாக ஓட்டச் சொன்னது யார்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. "இதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து எழுதி வாருங்கள்" என்று எங்களை நூலகத்துக்கு அனுப்பினார்.

தேடியதில் எங்களைத் தலைகுனிய வைத்த செய்தி ஒன்று கிடைத்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 112-ஆம் பிரிவில், வேக வரம்பை மீறி வண்டி ஓட்டக்கூடாது என்பதோடு நிற்கவில்லை. ஓட்டச் செய்யவும் கூடாது, ஓட்ட விடவும் கூடாது என்கிறது. தம்மிடம் வேலை செய்யும் ஓட்டுநரை வரம்பு மீற வைக்கும் முதலாளிக்கும் 183-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. வரம்பை மீறாமல் போய்ச் சேர முடியாதபடி ஒரு கால அட்டவணை போட்டாலோ, இத்தனை மணிக்குள் வந்தாக வேண்டும் என்று உத்தரவிட்டாலோ, அதுவே சான்றாகக் கொள்ளப்படும். சட்டம் முதலாளிகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதைப் படித்தபோது எங்கள் ஒன்பது பேரின் குரலும் எங்கள் காதில் கேட்டது.

அடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்கள் பயணம் எட்டு கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 12 நிமிடம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 8 நிமிடம். மிச்சம் நான்கே நிமிடம். 40-இல் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. 60-இல் ஏறத்தாழ 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தத் தூரம் கடந்துவிடுகிறது. பிரேக் பிடித்த பிறகோ, வேகம் ஒன்றரை மடங்கானால் வண்டி நிற்கத் தேவையான தூரம் இரண்டேகால் மடங்காகிறது. இயற்பியல் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த விதி, அந்த வளைவில் எங்கள் கண்முன் நின்றது.

வேக வரம்பு பற்றி நாட்டில் வழக்கும் நடந்திருக்கிறது. மத்திய அரசு 2018 ஏப்ரலில் வரம்புகளை உயர்த்தி, விரைவுச்சாலையில் கார்களுக்கு 120, நான்குவழிச் சாலையில் 100 என்று அறிவித்தது. விபத்தில் உடல் முடங்கிய ஒருவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2021 ஆகஸ்டில் அந்த அறிவிப்பை இரத்து செய்து, வரம்பைக் குறைக்கச் சொன்னது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இறந்தது அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில்.

நம் பகுதிச் சாலைகள் வண்டிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. திருச்செந்தூருக்கும் உவரிக்கும் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயத்துக்கும் மக்கள் நடந்து வருகிறார்கள். தசராவுக்குக் குலசேகரப்பட்டினமே மனிதத் தலைகளால் நிறைகிறது. ஆடும் பனையோலைக் கட்டும் அதே சாலையில்தான் போகின்றன. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. வானில் ராக்கெட் வேகமாகப் போகட்டும், சாலையில் நமக்கு அந்த வேகம் வேண்டாம்!

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சிஸ்டருடன் பெரியவரின் வீட்டுக்குப் போனோம். கையில் மாவுக்கட்டு. பனையில் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவவேண்டும். சீவாமல் விட்டால் பாளை காய்ந்து பதநீர் நின்றுவிடும் என்று ஆச்சி சொன்னார். அவர் ஏறும் மரங்கள் அந்தப் பருவம் முழுவதும் சும்மா நின்றன. எங்கள் உண்டியல் பணத்தை ஆச்சியிடம் கொடுத்தோம். ஒரு பருவத்தின் உழைப்புக்கு அது ஈடாகாது என்று எங்களுக்குத் தெரியும்.

"நாங்கதான் தாத்தா விரசாப் போகச் சொன்னோம். எங்களை மன்னிச்சிருங்க" என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆட்டோத் தம்பியை யாரும் ஏசாதிய" என்றார். "அன்னைக்காவது நேரத்துக்குப் போய்ச் சேந்தியளா, மக்கா?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அழுகைதான் வந்தது.

அன்றிலிருந்து நாங்கள் கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்து பேருந்தைப் பிடிக்கிறோம். தவறினால், ஓர் ஆட்டோவில் மூவர் மட்டும். மணி அடித்துவிட்டால் பிந்தி வந்து தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நிற்கிறோம். அது எங்களுக்குச் சிறிய தண்டனைதான்.

அன்புப் பெற்றோரே, வயது வராத எங்கள் தம்பியரிடம் வண்டிச் சாவியைத் தராதீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதற்குப் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. தலைக்கவசத்தை வண்டியில் தொங்கவிடாமல் தலையில் அணியுங்கள். அருமைத் தோழியரே, அடுத்த முறை வண்டியில் ஏறும்போது "விரசா" என்ற சொல் நாவில் வந்தால் விழுங்கிவிடுங்கள். "பைய போங்க அண்ணாச்சி" என்று சொல்லிப் பாருங்கள். சாலையில் நடப்போரையும் ஓட்டுவோரையும் இறைவன் காப்பாராக. அவர்களை அவசரப்படுத்தாத மனத்தை நமக்கும் தருவாராக.

— பதினொன்றாம் வகுப்பு மாணவியர்