பொறி போனது, கூடவே கண்ணும் போனது!

விருதுநகர் மாவட்டம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தீப்பொறி என்றாலே எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. சுற்றிலும் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆலைகள். மருந்து அறையில் இரும்புக் கருவி கூடாது, நைலான் துணி கூடாது. உரசினால் பொறி, பொறி விழுந்தால் உயிர்!

அதே ஊரில், வீட்டு மிக்சி ஓடும்போது அதன் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். நீலப் பொறி பறக்கும். சுழலும் செம்புத் துண்டுகள் மேல் கார்பன் பிரஷ் உரசுவதால் வருவது. "கார்பன் தேஞ்சு போச்சு" என்று மெக்கானிக் மாற்றுவாரே, அதேதான்.

அந்த பிரஷ் சும்மா உரசவில்லை. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதை அதுதான் மாற்றிக் கொடுக்கிறது. பிரஷ்ஷை எடுத்தால் பொறி போகும். ஆனால் அந்த வேலையை யார் செய்வது?

பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டாரில் சுருள்கள் நிற்கும், காந்தம் சுழலும். காந்தம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் அதிரும், அல்லது பின்னோக்கித் திரும்பும்.

ஒரு வழி, ஹால் சென்சார். 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவில் வேலை செய்வது. உள்ளே 3 சென்சார்கள். எதிரே காந்தத்தின் எந்த முனை இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் 0 அல்லது 1 சொல்லும். வழக்கமான 120 பாகை அமைப்பில் 6 சேர்க்கைகள்தான் வரும். 000 அல்லது 111 வந்தால் ஏதோ பழுது என்று அர்த்தம்.

இன்னொரு வழியில் சென்சாரே வேண்டாம். சுழலும் காந்தம் சுருள்களில் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். 3 சுருள்களில் 2-க்கு மின்சாரம் போகும்போது, சும்மா இருக்கும் மூன்றாவதைக் கவனித்தால் போதும். அதில் அழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும் நேரம் காந்தத்தின் இடத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் மோட்டார் நின்றிருந்தால்? அழுத்தமே இல்லை, குருடுதான்! அதனால் முதலில் காந்தத்தை ஓரிடத்துக்கு இழுத்து நிறுத்தி, பிறகு உத்தேசமாக மெல்லத் தள்ளுவார்கள். சில பி.எல்.டி.சி. ஃபேன்கள் போட்டதும் லேசாகப் பின்னால் அசைந்துவிட்டுச் சுற்றுவது இதனால்தான்.

அப்படியானால் இந்த ஃபேனை மருந்து அறையில் மாட்டலாமா? கூடவே கூடாது! பிரஷ்ஷின் பொறி மட்டும்தான் போயிருக்கிறது. சுவிட்சும் ஒயரும் சர்க்யூட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றிலும் பொறி வரும், சூடு வரும். ஒரு பொறியை ஒழித்துவிட்டு எல்லாம் ஒழிந்தது என்று நம்புவதுதான் பெரிய ஆபத்து.