துணியைத் தூங்க விடு

அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாட்களில்தான் எங்கள் மேசைக்குக் குளிர்காலம் வந்து சேரும். ஐரோப்பியக் கடைகளில் செப்டம்பரில் தொங்கவேண்டிய கார்டிகன், ஆடிக்கு முன்னால் தூத்துக்குடியில் கப்பல் ஏறியாகவேண்டும். அப்படியானால் சித்திரையிலும் வைகாசியிலும் கட்டிங், பவர் டேபிள் தையல், செக்கிங் எல்லாம் ஓடவேண்டும். மின்விசிறிக் காற்றே அனலாக இறங்கும் ஹாலில், முழங்கை வரை வியர்வை வழிய, யாரோ ஒருத்தி அக்டோபர் மாலையில் தோளில் இழுத்துப் போட்டுக்கொள்ளப் போகிற உடுப்பை வெட்டிக்கொண்டிருப்போம்.

திருப்பூரில் எனக்கு இது இருபத்து நான்காவது வருடம். ஓவர்லாக் டெய்லருக்குக் கைமடியாக, அதாவது உதவியாளாக, வந்தேன். சிங்கர் மெஷின் ஓட்டினேன், சாம்பிள் டெய்லர் ஆனேன். பதினொரு வருடமாகப் பேட்டர்ன் வெட்டுகிறேன். பெண்களுக்கான பின்னலாடைதான் என் வேலை. அதிலும் வெயிலுக்கும் குளிருக்கும் நடுவில் இருக்கிற மாதங்களுக்கான உடுப்பு என்றால் எனக்குத் தனி ஆசை. காலையில் பல் கிட்டும், மதியம் வியர்க்கும், சாயங்காலம் தூறும். அந்த நாளில் ஒரு பெண் நாலு தடவை கழற்றுவாள், நாலு தடவை மாட்டுவாள். அத்தனைக்கும் ஈடுகொடுக்கிற துணி பின்னல் துணி மட்டும்தான் என்பது என் அனுபவம்.

காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. வேட்டியில் பாவு ஒரு பக்கம், ஊடை ஒரு பக்கம், நூல் நேராக ஓடும், இழுத்தால் கொடுக்காது. பனியன் துணியில் நூல் நேராக ஓடுவதே இல்லை. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் நுழைந்து தொங்குகிறது. சிங்கிள் ஜெர்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: முன்பக்கம் சின்னச் சின்ன 'வி'க்கள், பின்பக்கம் பிறை பிறையாக அரைவட்டங்கள். உடம்பு அசைந்தால் வளையம் அகலும், உடம்பு நின்றால் வளையம் சுருங்கும். வளையத்துக்குள் தங்குகிற காற்றுதான் சூடு காக்கிறது. அதனால்தான் மெல்லிய பின்னல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால், தடித்த துணி ஒன்றைவிட இதமாக இருக்கும்.

இந்தத் துணிக்கு நீண்டகாலம் உள்ளே மறைந்து கிடக்கும் வாழ்க்கைதான் வாய்த்தது. 1916 வாக்கில் பிரான்சில் கோகோ ஷனேல், ரோதியே என்ற ஆலைக்காரரிடமிருந்து ஜெர்சித் துணியை வாங்கிப் பெண்களுக்கு மேலாடை தைத்தார். அதுவரை அது பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைத் துணி. முதல் உலகப் போர்க்காலம், கை வீசி நடக்கவும் வேலை செய்யவும் ஏற்ற உடுப்பைப் பெண்கள் தேடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் ஊர்க் கதையும் ஏறத்தாழ அதேதான். ஆண்களின் வெள்ளை பனியனை நம்பி வளர்ந்த ஊர் இது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலம் இங்கே வந்து வெள்ளை டீ-ஷர்ட் கேட்டதுதான் ஐரோப்பா பக்கம் திறந்த கதவு. வட்டப் பின்னல் மெஷின் அதே மெஷின்தான். இன்றைக்கு அதிலிருந்து இறங்குகிற துணியில் பெண்களுக்கான உடுப்பு எத்தனை வகை!

எனக்குப் பிடித்த வகை கார்டிகன். அந்தப் பெயர் ஆங்கிலேயப் படைத்தலைவரான ஒரு பிரபுவினுடையது. கிரிமியப் போர்க்காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்ட கம்பளிப் பின்னல் மேலாடை, அந்தப் படைத்தலைவரின் பட்டப்பெயரை வாங்கிக்கொண்டது. கம்பளியில் அதைப் பின்னுவதற்கு லூதியானா இருக்கிறது. நாங்கள் பருத்தியில், மெஷினில் ஓட்டிய துணியை வெட்டித் தைக்கிறோம். அதனால் எங்கள் கார்டிகன் பனிக்கு ஆகாது. பனி வருவதற்கு முன்னால் உள்ள இரண்டு மாதம், போன பிறகு இரண்டு மாதம், அதற்கானது.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது என் கையில் முதலில் இருப்பது வட்டக் கத்தி. நூறு சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டித் தராசில் வைத்து, வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. உள்ளே போடும் மெல்லிய டாப்புக்கு 160, 180 போதும். மேலே போடும் கார்டிகனுக்கு 220 முதல் 240 வரை நான் போவேன். முந்நூறு தொட்டால் அது பெரும்பாலும் ஃப்ளீஸ். பிரஷ் ஓட்டிப் பஞ்சு எழுப்பி, கன்னத்தில் ஒற்றிக்கொள்ளச் சொல்லும். ஆனால் அதன்மேல் கோட் ஏறாது, கைப்பைக்குள் மடங்காது. தடிமனைக் கண்டு மயங்குகிற பையர்களிடம் நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். ரிப், இன்டர்லாக் என்ற இரண்டு பின்னல் வகைகளும் கத்தி பட்ட விளிம்பில் சுருளாது. இருநூற்றிருபதில் இன்டர்லாக் தோளில் விழுகிற நயம் வேறு எந்தத் துணியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கார்டிகனின் உயிர் முன்பட்டையில் இருக்கிறது. பட்டன் வரிசை ஓடுகிற அந்த ரிப் பட்டையைத்தான் சொல்கிறேன். முன்விளிம்பு 62 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பட்டையையும் 62 வெட்டினால், தைக்கும்போது மெஷின் இழுக்கிற இழுப்பில் ரிப் நீண்டு, பட்டை பாம்பு போல நெளியும். 56 வெட்டி இழுத்துத் தைத்தால் முன்பக்கம் மேலே ஏறி, வயிற்றருகே வாய் பிளக்கும். நான் 59-இல் தொடங்குவேன். நாலு இடத்தில் நாட்ச், அதாவது சின்ன வெட்டுக்குறி, வைத்து, ஒவ்வொரு பங்கிலும் ஒரே அளவு இழுப்பு விழும்படி டெய்லருக்குக் குறித்துக் கொடுப்பேன். கழுத்தைச் சுற்றுகிற வளைவில் மட்டும் கொஞ்சம் கூடுதல் இழுப்பு. இல்லாவிட்டால் பின்கழுத்தில் பட்டை எழும்பி நிற்கும்.

அடுத்தது காஜா, அதாவது பட்டன் ஓட்டை. இழுபடுகிற துணியில் காஜா போடுவது மணலில் குழி பறிப்பது மாதிரி. நாலு தடவை பட்டன் போட்டுக் கழற்றினால் ஓட்டை அகன்றுவிடும், நடந்தால் பட்டன் தானே கழலும். அதனால் பட்டைக்கு உள்ளே அதே நிறத்தில் ஒரு பருத்தி டேப். அந்த டேப்பை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் தைத்தால் முதல் துவைப்பில் டேப் சுருங்கி, பட்டை முழுக்கச் சுருக்கம் விழும். இருபத்து நாலு லைன் பட்டன் என்றால் பதினைந்து மில்லிமீட்டர். காஜா அதற்கு ஒரு இழை குறைவாகவே இருக்கட்டும் என்பேன். போடும்போது விரல் கொஞ்சம் வேலை செய்யவேண்டும். ஊசி முனை உருண்டையாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கூர் ஊசி வளையத்தை அறுத்துவிடும், அறுந்த வளையம் துவைக்கத் துவைக்க ஓட்டையாகும்.

பேட்டர்ன் நாற்காலிக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு தப்பு செய்தேன். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த ரிப், சாயங்காலம் ரோல் வந்தது. ஷிப்மென்ட் தலைக்கு மேல் நின்றது. துணியை இறுக்கும் காம்பாக்டிங் மெஷினில் இருந்து இறுகச் சுற்றி வந்த துணியை விரித்துப் போட்டு ஒரு நாள் ஆறவைக்காமல், அன்று ராத்திரியே அடுக்கடுக்காக லே போட்டு வெட்டச் சொல்லிவிட்டேன். விடிந்து வந்து, வெட்டி அடுக்கிய பாகத்தின்மேல் என் பேட்டர்ன் அட்டையை வைத்துப் பார்த்தேன். நாலு பக்கமும் அட்டை வெளியே எட்டிப்பார்த்தது. 62 சென்டிமீட்டர் 59 ஆகியிருந்தது. கை நீளம் ஒரு அங்குலம் குறைவு. அறுநூறு பீஸுக்கான துணி.

கட்டிங் மாஸ்டர் அப்போது அறுபது தாண்டியவர். திட்டவில்லை. அந்தப் பாகங்களைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார்: "துணியைத் தூங்க விடோணுங் கண்ணு. நம்ம மேசையில தூங்காத துணி, வாங்குனவங்க வூட்டுல போயித்தான் சுருண்டு படுக்கும்." பெரிய சைஸுக்கு வெட்டியவற்றைச் சின்ன சைஸாக மாற்றிப் பாதியைக் காப்பாற்றினோம். மீதி வேஸ்ட் மூட்டைக்குப் போனது. அதற்குப் பிறகு எத்தனை போன் வந்தாலும் இருபத்து நாலு மணி நேரம் விரித்துக் கிடக்காத லைக்ரா துணியில் நான் கத்தி வைக்க விட்டதில்லை.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது மனசு கனக்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றது. சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நியாயமும் தெரியும், வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர்களின் கஷ்டமும் தெரியும். பருத்திக்குச் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும்; அடர்நிறம் என்றால் இன்னும் உப்பு, இன்னும் அலசல், இன்னும் தண்ணீர். அதனால் ஒரே கார்டிகனை ஏழு நிறத்தில் கேட்கிற ஆர்டர் வந்தால் எனக்கு உவப்பில்லை. மணல் நிறம், சாம்பல், நீர் கலந்த நீலம், செங்கல் நிறம்: இந்த நாலில் ஒன்று கையில் இருந்தால் அலமாரியில் உள்ள எந்தப் பாவாடைக்கும் பேன்ட்டுக்கும் சுடிதாருக்கும் சேரும். அப்படிச் சேருகிற ஒன்றைப் பல வருடம் உடுத்தலாம்.

போட்டுப் பார்க்காமல் எந்த பேட்டர்னையும் நான் பையருக்கு அனுப்புவதில்லை. கம்பெனி டம்மிக்கு வியர்க்காது, அது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்காது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாதம், சாம்பிளை எடுத்துக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் ஊட்டிக்குப் போனேன். உள்ளே 1x1 ரிப் டாப். உடம்பு 36 அங்குலம் என்றால் 32-க்கு வெட்டியது, ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கார்டிகன். மேட்டுப்பாளையம் தாண்டியும் கார்டிகன் பைக்குள்ளேயே இருந்தது. குன்னூர் தாண்டியதும் எடுத்துப் போட்டேன். கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியபோது உள் டாப்பின் கை, அக்குளில் சுருட்டிக்கொண்டு ஏறியது. மேலாடையின் ஆர்ம்ஹோல் இறக்கம் போதவில்லை. அட்டையில் பார்த்தால் பிழையே தெரியாது. திரும்பி வந்து ஆர்ம்ஹோலை ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கினேன், மார்புச் சுற்றில் நாலு சென்டிமீட்டர் கூட்டினேன், மணிக்கட்டு ரிப்பை நீளமாக்கினேன். குளிரும்போது விரல் வரை இழுத்துக்கொள்ளலாம், வேலை வந்தால் முழங்கை வரை ஏற்றிவிட்டால் நிற்கும். இந்த மூன்றும் அந்த ஸ்டைலில் இன்று வரை இருக்கின்றன.

நம் ஊருக்கு எதற்கு இது என்று கேட்பவர்கள் உண்டு. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும்போது எங்கள் ஊரில் ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். ஏசி ரயில் பெட்டியில், நடு இரவில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிற பெண்களைப் பாருங்கள். மார்கழிக் காலையில் கோலம் போட வாசலுக்கு வருகிற என் அம்மாவுக்கு நான் கொடுத்தது இதே இன்டர்லாக் கார்டிகன்தான்; சேலைக்கு மேலே போட இடுப்போடு நின்றால் போதும் என்று நீளத்தை எட்டு சென்டிமீட்டர் குறைத்தேன். முந்தானை இழுபடாமல் இருக்க இடது தோளில் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டேன்.

அவருக்குச் சொல்லிக் கொடுத்த துவைக்கும் முறையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். பட்டனைப் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டில் சுற்றி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் வளையங்கள் நீண்டு, தோளில் கிளிப் பிடித்த இடம் கொம்பு மாதிரி நிற்கும். கயிற்றுக் கட்டிலில் நிழலில் பரப்பிவிடுங்கள். அம்மா அப்படித்தான் செய்கிறார். கட்டிலில் கை இரண்டையும் விரித்து மல்லாந்து கிடக்கும் அதைப் பூனை தூக்கிப் போய்விடும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பூ கட்டுவார்.