தரையிலேயே கட்ட வேண்டிய கயிறு

கடல் கடந்த மடல்: விஸ்கான்சின், அமெரிக்கா

மிச்சிகன் ஏரிக்கும் மிசிசிப்பி ஆற்றுக்கும் இடையே கிடக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, ஒன்பது நாள்களுக்குத் துப்பாக்கி மான்வேட்டைப் பருவம் நடைபெறுகிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் பெற்றுக் காட்டுக்குள் செல்லும் அந்நாள்களில், கதிரவன் எழுவதற்கு அரைமணி நேரம் முன்பே சுடுவதற்குச் சட்டம் இசைவளிப்பதால், வேட்டைக்காரர்களில் பெரும்பகுதியினர் விடியலுக்கு வெகுமுன்பே, உறைபனி படிந்த இருளில், ஏதேனும் ஒரு மரத்தின் மேல் ஏறி அமர்ந்திருக்கின்றனர். அவ்வாறு அமர்வதற்கென மரத்தோடு சேர்த்துக் கட்டப்படும் இருக்கையே மரப்பரண்.

பரண் என்னும் சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. தினைப்புனங் காக்கும் குறிஞ்சி மகளிர் நின்ற உயர்மேடையைச் சங்க நூல்கள் இதணம் என்கின்றன. யானையும் காட்டுப்பன்றியும் இறங்கும் மலையடிவாரச் சிற்றூர்களில் இன்றும் இரவுக் காவலுக்குப் பரண் கட்டப்படுகிறது. ஆயினும் நோக்கம் நேர் எதிரானது. புனத்துப் பரணில் இருப்பவர் கூவியும் கவண் வீசியும் தம் இருப்பை அறிவிக்கிறார். விஸ்கான்சின் பரணில் இருப்பவரோ தாம் இல்லாதது போல் இருக்க முயல்கிறார். வெள்ளைவால் மானின் மோப்பத்திறன் மிகக் கூர்மையானது; அதன் பகைவிலங்குகள் பெரும்பாலும் தரைமட்டத்திலேயே வருவதால், அது தலைக்கு மேல் நோக்குவது குறைவு. உயரத்தில் அமர்ந்தவரின் வாடையும் ஓரளவு மானின் மூக்குக்கு மேலாகவே காற்றில் கடந்துவிடுகிறது. இவற்றோடு, மேலிருந்து கீழ்நோக்கிச் சுடப்படும் குண்டு இலக்கைத் தவறினாலும் அருகிலேயே மண்ணில் புதைந்துவிடும் என்பதும் உயரத்தின் பயன்களுள் ஒன்று.

இம்மாநிலம் துப்பாக்கியால் விளையும் இடரைக் குறைக்க நெடுங்காலமாக முயன்று வந்துள்ளது. 1973 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றின்றிப் பொதுவாக உரிமம் பெற இயலாது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயமாக்கப்பட்டது. 2016 முதல் அதே அளவு பளிச்சிடும் இளஞ்சிவப்பும் ஏற்கப்படுகிறது. இந்நடவடிக்கைகளால் ஒருவரையொருவர் மான் எனக் கருதிச் சுட்டுக்கொள்வது பெரிதும் குறைந்துவிட்டபின், மரத்திலிருந்து விழுதல் என்னும் ஓசையற்ற விபத்து முன்னணிக்கு வந்துவிட்டது. 20 அடி உயரத்திலிருந்து விழும் உடல் ஒரு நொடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைகிறது. கையை நீட்டிக் கிளையைப் பற்றலாம் என்னும் நம்பிக்கைக்கு அந்த ஒரு நொடியில் இடமில்லை.

பரண் கட்டுதல் மரத்தைத் தேர்வதில் தொடங்குகிறது. தேர்வோ பல வேளைகளில் மான் நடமாடும் தடத்தையும் காற்றின் திசையையும் மட்டுமே கருதிச் செய்யப்படுகிறது. மரம் உயிருள்ளதாக, நேரானதாக, உற்பத்தியாளர் குறித்துள்ள பருமனுக்குள் அடங்குவதாக இருத்தல் வேண்டும். இவற்றுள் உயிருள்ளது என்னும் நிபந்தனை இப்பகுதியில் தனிக் கவனம் பெறுவதற்குக் காரணம் ஒரு வண்டு. ஆசியாவிலிருந்து சரக்குக் கட்டைகளோடு வந்ததாகக் கருதப்படுவதும், 2002-இல் மிச்சிகன் மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதுமான மரகதப் பச்சை நிறத் துளைப்பான் வண்டு, ஆஷ் எனப்படும் மரங்களின் பட்டைக்கு அடியில் புழுவாகக் குடைந்து, சாறு ஓடும் வழிகளை அறுத்து, கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றுள்ளது. இவ்வாறு மடிந்த ஆஷ் மரம் பிற மரங்களினும் விரைவில் நொறுங்கும் தன்மை அடைகிறது. ஆனால் குளிர்காலத்தில் இத்தகைய மரங்கள் யாவும் இலையுதிர்த்து நிற்கையில், செத்த மரத்தையும் துயிலும் மரத்தையும் வேறுபடுத்துவது எளிதன்று. எனவே மரத்தைக் கோடையில், இலை இருக்கும்போதே, தேர்ந்து குறித்து வைப்பதே அறிவுடைமை. பட்டை ஏடு ஏடாக உரியும் ஒருவகை ஹிக்கரி மரமும் இவ்வேலைக்கு ஏற்றதன்று. பரணின் பற்கள் மரத்தைக் கவ்வுவதற்கு மாறாக உரியும் பட்டையை மட்டுமே கவ்வ நேரிடும்.

விற்பனையில் உள்ள பரண்கள் மூன்று வகைப்படும். ஏணியின் உச்சியில் இருக்கை பொருத்தப்பட்டது ஏணிப்பரண். இருக்கையும் கால்மேடையும் மட்டும் மரத்தில் தொங்கவிடப்பட்டு, தனியே கட்டிய படிகளால் அடையப்படுவது தொங்குபரண். இரு துண்டுகளாக மரத்தைக் கவ்விக்கொண்டு, அமர்ந்தும் எழுந்தும் மாறிமாறித் தூக்கியபடி மேலேறுவது ஏறுபரண். ஏணிப்பரண் மூன்றனுள் எளியது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஏறியபின் அது உண்மையாயினும், நிறுத்தும்போது உண்மையன்று. 15 முதல் 20 அடி நீளமுள்ள அந்த எஃகுச் சட்டத்தின் எடையில் பெரும்பகுதி உச்சியில் குவிந்திருப்பதால், அதைத் தூக்கி நிறுத்த மூவரேனும் தேவை. ஒருவர் ஏணியின் அடியை மிதித்துப் பிடிக்க, ஏனையோர் உச்சியை உயர்த்தி மரத்தில் சாய்க்க வேண்டும். அடுத்துவரும் தருணமே நுட்பமானது. உச்சியிலுள்ள பட்டையைக் கட்டினால்தான் ஏணி உறுதி பெறும். அதைக் கட்டுவதற்கோ உறுதி பெறாத ஏணியில் ஏற வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்கவே, தரையில் நின்றபடி ஏணியின் இரு புறமிருந்தும் மரத்தைச் சுற்றிக் குறுக்காக இழுத்துக் கட்டும் வார்களும், ஏணியின் நடுவிலிருந்து மரத்தை உதைத்து நிற்கும் தாங்குசட்டமும் தரப்படுகின்றன. அவற்றை இறுக்கிய பிறகே ஒருவர் முதலில் ஏறலாம். ஏனையோர் அப்போதும் ஏணியின் அடியைப் பிடித்தே நிற்க வேண்டும். கோப்பை வைக்கும் வளையமும் மெத்தையும் விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்படுவதும், இந்த வார்களைப் பற்றிய விளக்கம் கையேட்டின் பொடி எழுத்தில் ஒடுங்குவதும் வணிகத்தின் இயல்பு போலும்.

பரணில் விழாமல் இருக்க உடலைக் கட்டுவது, ஹார்னெஸ் எனப்படும் முழுவுடல் வார்க்கச்சை. தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சுற்றி வரும் இது, விழும் உடலின் இழுவிசையைப் பல இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. முன்னர் வழங்கிய இடுப்புப் பட்டைகள் விழுந்தவரை நிறுத்தினாலும், மூச்சை நெரித்ததாலும் தலைகீழாகக் கவிழ்த்ததாலும் கைவிடப்பட்டன. இன்று தரமான பரணோடு கச்சையும் சேர்த்தே விற்கப்படுகிறது. அதை அணிபவர் பலரும் அமர்ந்தபின், தலைக்கு மேலே மரத்தில் கட்டிய வாரோடு தம் பிணைக்கயிற்றை மாட்டுகின்றனர். அமர்ந்த நிலையில் கயிற்றில் தளர்வே இல்லாதவாறு அதைத் தலையுயரத்துக்கு மேல் கட்டுவது முறைதான். ஆயினும் ஏறும்போதும் இறங்கும்போதும், எல்லாவற்றினும் மேலாக ஏணியின் கடைசிப் படியிலிருந்து மேடைக்கு ஒரு காலை எடுத்து வைக்கும் அந்த ஓரடி நகர்வின்போதும், அவர் எதனோடும் கட்டப்பட்டவரல்லர். இருக்கையில் அசையாது இருப்பவரைவிட இந்த வழிப்போக்கரே எளிதில் விழுகிறார். கையுறை அணிந்த விரல்கள், சேறும் பனியும் அப்பிய காலணி, அரைத் தூக்கம், இருள் யாவும் அங்கு ஒன்றுசேர்கின்றன.

இக்குறையை நீக்குவது உயிர்க்கயிறு. இருக்கைக்கு மேலே மரத்தில் கட்டப்பட்டு, அடிமரம் வரை தொங்கி, அங்கும் இறுக்கப்படும் தடித்த கயிறு இது. இதன்மீது மெல்லிய கயிற்று வளையம் ஒன்று புரூசிக் முடிச்சால் சுற்றப்பட்டிருக்கும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் விளக்கிய இம்முடிச்சு, எடை ஏறாதபோது கையால் நகர்த்த நகர்ந்து, எடை ஏறியவுடன் தடித்த கயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். தரையில் நின்றே கச்சையை இவ்வளையத்தில் மாட்டியவர், ஏறுந்தோறும் முடிச்சைத் தம் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டே செல்வதால், வழியில் எந்தப் படியில் கால் வழுக்கினும் சில அங்குலங்களுக்கு மேல் விழுவதில்லை. பரணை முதன்முறை பொருத்துபவருக்கு இக்கயிறு இன்னும் இல்லையாதலால், மின்கம்பத் தொழிலாளர் பயன்படுத்துவது போன்று இடுப்பின் இருபுறமும் மாட்டி மரத்தைச் சுற்றிவரும் கயிற்றைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டு அவர் ஏற வேண்டும். இரு கைகளையும் வேலைக்கு விடுவிப்பது அதுவே. கால்களைத் தளைநாரால் பிணைத்து ஏறும் பனையேறியும் மரத்தடியிலேயே அதை மாட்டிக்கொள்கிறார் என்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

கயிறு தாங்கியவுடன் இடர் நீங்கிவிடுவதுமில்லை. கச்சையில் அசைவின்றித் தொங்குபவரின் தொடைகளை வார்கள் நெருக்குவதால், குருதி கால்களில் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, சில நிமிடங்களிலேயே மயக்கமும் தொடர்ந்தால் உயிரிழப்பும் நேரலாம். கச்சையோடு வரும் சிறிய மிதிவாரில் கால்வைத்து எழுந்து நிற்பதும், மரத்தை உதைத்துக் கால்களை ஓயாது அசைப்பதும் இதற்கு மாற்று. கைபேசியை முதுகுப்பையில் அல்லாமல், தொங்கும்போதும் எட்டும் மார்புப் பையில் வைக்கச் சொல்வதும், எந்த மரத்தில் இருப்பார் என்பதை வீட்டாரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்வதும் இதனாலேயே.

ஆண்டு முழுதும் மரத்திலேயே விடப்படும் பரண் வேறொரு சிக்கலைத் தருகிறது. மரம் பருக்கிறது, வார் பருப்பதில்லை. இறுகிய வார் பட்டைக்குள் புதைகிறது, வெயிலில் அதன் இழைகள் மக்குகின்றன, அணில்கள் அதைக் கொறிக்கின்றன. சென்ற ஆண்டு தாங்கியது என்பது இவ்வாண்டுக்குச் சான்றாகாது. ஆகவே பருவம் முடிந்ததும் வார்களைக் கழற்றி எடுத்து, அடுத்த பருவத்தில் ஒவ்வொன்றையும் பகலொளியில் தடவிப் பார்த்துக் கட்டுவது வழக்கமாக வேண்டும்.

துப்பாக்கி வேட்டைக்காரரோடு ஏறுவதில்லை. தோட்டா நீக்கி, குழல் கீழ்நோக்க, இழுகயிற்றின் நுனியில் அது தரையிலேயே காத்திருக்கிறது. அமர்ந்து பிணைத்துக்கொண்டபின் மேலே இழுக்கப்படுகிறது. மாலையில் அதே முறையில் அவருக்கு முன்பாக இறங்குகிறது. அதன்பின் அவர் முடிச்சை ஒவ்வொரு படியாகக் கீழே நகர்த்தியபடி வந்து, இரு காலணிகளும் பனியில் பதிந்தபிறகு வளையத்தைக் கழற்றுகிறார்.