டிரெய்லரா, பாப்-அப்பா, மோட்டார் ஹோமா? அம்மாவோடு ஒரு குளிர்காலம்

நவம்பர் பிறந்துவிட்டால் அமீரகத்தில் இருக்கும் நமக்கெல்லாம் ஒரு கிறுக்கு பிடிக்கும். ஏழு மாதம் ஏசிக்குள் அடைந்து கிடந்ததற்குப் பழி வாங்குவது மாதிரி, வெள்ளிக்கிழமை மதியம் ஆனதும் காரில் பாயும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு பாலைவனம் பார்க்கக் கிளம்பிவிடுவோம். நாங்களும் பத்து வருஷமாக அப்படித்தான். ஒரு டென்ட், ஒரு கேஸ் அடுப்பு, பிரியாணிக்கு ஊறவைத்த சிக்கன், அவ்வளவுதான் எங்கள் சொத்து.

போன குளிர்காலத்தில்தான் அது போதாமல் போனது. விருத்தாசலத்திலிருந்து அம்மா 60 நாள் விசிட் விசாவில் வந்திருந்தார். வயது 68, இரண்டு வருஷத்துக்கு முன் வலது முழங்காலில் ஆபரேஷன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஹாஸ்டலில் இருப்பாள். "ஆயாவை ஒரு ராத்திரியாவது டெசர்ட்ல தூங்க வைக்கணும்மா, இந்த வருஷம் விட்டா நடக்காது" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

டென்டில் அம்மா குனிந்து நுழைவதே கஷ்டம். அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு, பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாலைவனத்தில் ஆண்கள் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் வந்துவிடுவார்கள். முழங்கால் மடங்காத 68 வயதுப் பெண் எங்கே போவார்? கேரவன் வாங்கலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் வந்தது இந்த ஒரே காரணத்தால்தான். இவருக்கு மட்டும் உள்ளுக்குள் மோட்டார் ஹோம் ஆசை ரொம்ப நாளாக இருந்தது என்பது வேறு கதை.

முதலில் பார்த்தது பாப்-அப். ஷார்ஜாவில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று தங்களுடையதை ஒரு வார இறுதிக்குக் கொடுத்தது. மூடியிருக்கும்போது இடுப்பளவு உயரப் பெட்டி. இடத்துக்குப் போனதும் கைப்பிடியைச் சுழற்றினால் கூரை மேலே எழும்பும், இரண்டு பக்கமும் கட்டில்கள் வெளியே நீளும், சுற்றிலும் கான்வாஸ் துணிச் சுவர். எடை குறைவு என்பதால் எங்கள் கார் சிரமமில்லாமல் இழுத்தது. தாழ்வாக இருப்பதால் ஹைவேயில் காற்று தள்ளுவதும் இல்லை.

மலீஹா பக்கம் போனோம். ஷார்ஜாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஒரு பக்கம் சிவந்த மணல், மறுபக்கம் ஃபாசில் ராக் என்கிற சுண்ணாம்புப் பாறை மலை. ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம் அது, பாறையில் சிப்பிகளின் அச்சு இருக்கும். பக்கத்து ஃபாயா பகுதியை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அங்கே வந்து தங்கியதற்குத் தடயம் உண்டு. "நமக்கு முன்னாடியே கேம்பிங் வந்திருக்காங்க" என்றார் இவர்.

பாதுகாப்பு வேலிக்கு வெளியே, ரோட்டிலிருந்து பார்வை எட்டும் தூரத்தில், கெட்டி மண்ணில் வண்டியை நிறுத்தினோம். அம்மா இறங்கியதும் செய்த முதல் காரியம், தனியாக நின்ற ஒரு மரத்தை நோக்கி நடந்தது. இலையைக் கிள்ளிப் பார்த்தார், முள்ளைத் தடவினார். "ஏம்மா, இது வன்னி மரம்ல?"

நான் பதினாறு வருஷமாக அதைப் பார்க்கிறேன். காஃப் மரம், அமீரகத்தின் தேசிய மரம் என்று மகள் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்திருக்கிறாள். அதுவும் நம் வன்னியும் ஒரே மரம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. விருத்தாசலம் கோயிலின் தலமரம் வன்னி. அம்மா சின்ன வயதிலிருந்து சுற்றி வந்த மரம். இங்கே ஒட்டகம் எட்டுகிற உயரம் வரை தின்றுவிடுவதால் அடிப்பக்கம் கத்தரித்த குடை மாதிரி சமமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா மூன்று சுற்று சுற்றினார். (விறகுக்கு அதன் கிளையை ஒடித்துவிடாதீர்கள், சட்டப்படி குற்றம்.)

ராத்திரி சுத்தமாக வேறு மாதிரி ஆனது. பதினோரு மணிக்கு மேல் காற்று எழுந்தது. கான்வாஸ் பட்பட்டென்று அடித்துக்கொண்டே இருந்தது, ஜிப் இடுக்கு வழியாக நைஸ் மணல் உள்ளே வந்து தலையணையில் படிந்தது. காற்று நின்றதும் பனி. விடியும்போது துணி முழுக்க நனைந்து சொட்டியது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும், அதனால் ஒன்பது மணி வரை வெயிலுக்குக் காத்திருந்தோம்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு கையடக்க டாய்லெட் பெட்டி இருந்தது, மறைப்புக்கு ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் இரண்டடியில் மாப்பிள்ளை படுத்திருக்கிறார். காலையில் மகள்தான் என் காதில் சொன்னாள்: "அம்மா, ஆயா நேத்து சாயந்திரத்துலேர்ந்து தண்ணியே குடிக்கல. பிரஷர் மாத்திரைய வெறும் வாயில முழுங்கினாங்க." நான் அம்மாவிடம் கேட்டேன். "தாகமே இல்லம்மா" என்றார். எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது இவருடைய ஆசை. டிசம்பர் 2 தேசிய தின விடுமுறைக்கு மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். லாங் வீகெண்ட் என்பதால் வாடகையும் வெயிட்டாகத்தான் இருந்தது. ராஸ் அல் கைமா வழியாக ஜபல் ஜைஸ். அமீரகத்திலேயே உயரமான மலைச்சாலை அது. அங்கே இருக்கிற ஜிப்லைன் 2.83 கிலோமீட்டர் நீளம், 2018-இல் கின்னஸில் ஏறியது. 2017 பிப்ரவரியில் அந்த மலையில் பனிகூட விழுந்திருக்கிறது.

வண்டியில் எல்லாமே இருந்தது. கதவு வைத்த பாத்ரூம், ஃபிரிட்ஜ், இரண்டு பர்னர் அடுப்பு, ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு கட்டில். அம்மா உள்ளே வந்து பாத்ரூம் கதவைத் திறந்து, தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். எனக்கு அப்போதே வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

ஆனால் ஓட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. ஏற்றத்தில் ஆமை வேகம். இறக்கத்தில் லோ கியரில் வராமல் பிரேக்கையே நம்பினால் பிரேக் சூடேறிவிடும். பாதி வழியில் கருகல் வாசனை வந்து இவர் ஒதுங்கி அரை மணி நேரம் நின்றார். மேலே போய்ச் சேர்ந்த பிறகு பால் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு பாக்கெட் பாலுக்காக வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். பாத்திரத்தைக் கழுவி வைத்து, அலமாரிக் கதவுகளைப் பூட்டி, பிறகுதான் சாவி போடலாம். மணலில் இறக்க முடியாது. அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் நுழையாது. தவிர, எங்களுக்குக் கொடுத்தவர் தண்ணீர் டேங்க்கை முழுதாக நிரப்பாமலே கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் காலையில் குழாயில் காற்றுதான் வந்தது. நீங்கள் வாடகைக்கு எடுத்தால் வண்டியை வாங்கும் இடத்திலேயே டேங்க்கின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

வாங்குவது என்றால் இன்னொன்று. மோட்டார் ஹோம் என்பது எஞ்சினோடு கூடிய இன்னொரு வண்டி. அதற்குத் தனி இன்சூரன்ஸ், தனி சர்வீஸ், வருஷா வருஷம் பாசிங். மே முதல் செப்டம்பர் வரை அது வெயிலில் சும்மா நிற்கும். 45 டிகிரியில் டயர் பக்கவாட்டில் வெடிப்பு விடும், ஜன்னல் ரப்பர் இறுகும், பேட்டரி செத்துப்போகும். வில்லாவில் இருப்பவர்களுக்கு நிழலாவது கிடைக்கும். அல் நஹ்தாவில் எட்டாவது மாடி அபார்ட்மென்டில் இருந்துகொண்டு, காருக்கே பார்க்கிங் தேடி இரவு அரை மணி நேரம் சுற்றுகிற எங்களுக்கு? இவரும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவதாக ஹத்தா. வாங்குவதற்கு முன் டிரெய்லரில் படுத்துப் பார்க்க அதுதான் சுலபமான வழி. டிரெய்லரையே ஹோட்டல் அறை மாதிரி ஆக்கி, மலையைப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஹத்தா துபாயைச் சேர்ந்தது என்றாலும் துபாய் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம், ஹஜர் மலைக்கு நடுவில் இருக்கிறது. 1896-இல் கட்டிய கோட்டை, அணையில் பச்சை நிறத் தண்ணீர், அதில் கயாக். அம்மா கயாக்கில் ஏற மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்.

டிரெய்லர் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. சுவர் கெட்டி, காற்று அடித்தாலும் அசையவில்லை. பாத்ரூமுக்குக் கதவு. சொந்தமாக இருந்தால், இடத்தில் கழற்றி வைத்துவிட்டுக் காரை மட்டும் எடுத்துப் பால் வாங்கப் போகலாம்.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட உட்கார்ந்தோம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பலரும் தப்புப் பண்ணுவது இங்கேதான். காரின் கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று இருக்கும். எங்கள் காருக்கு, டிரெய்லரில் பிரேக் இருந்தால் 1,500 கிலோ, இல்லாவிட்டால் 750 கிலோ. விற்பவர் சொல்வது காலி டிரெய்லரின் எடை. நூறு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் நூறு கிலோ கூடும். கேஸ் சிலிண்டர், பேட்டரி, ஜெனரேட்டர், அரிசி மூட்டை, நாற்காலி எல்லாம் சேர்த்தால் இன்னும் இருநூறு சுலபமாக ஏறும். 1,300 கிலோ டிரெய்லர் என்று வாங்கினால் முதல் பயணத்திலேயே வரம்பைத் தாண்டிவிடுவோம்.

இதுவும் தவிர, டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் காரின் கொக்கியில் உட்கார வேண்டும். குறைந்தால் பின்னால் வால் ஆடும். பெரிய டிரக் பக்கத்தில் போகும்போது அந்த ஆட்டம் வந்தால் அவ்வளவுதான். அதற்காகக் கனமான சாமான்களைப் பின்பக்கம் அடுக்கக் கூடாது. கொக்கியில் உட்காரும் எடையும் காரில் ஏறும் ஆட்களின் கணக்கில்தான் சேரும். கொக்கி மாட்டுவதற்கு முன் அதற்கான அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிரெய்லருக்கும் தனி முல்கியா உண்டு, அது நடப்பில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு: குவைத்தில் கேம்பிங் சீசன் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரைதான், கத்தாரிலும் சீசனும் அனுமதியும் உண்டு. ஓமனில் இருந்தால் கொடுத்துவைத்தவர்கள், மலையும் கடலும் பக்கம் பக்கமாக இருக்கிறது. இங்கிருந்து ஓமனுக்கு ஓட்டிப் போவதானால் இன்சூரன்ஸ் அங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கரீஃப் மழைக்காகச் சலாலா வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் டிரெய்லரை இழுத்துப் போகிற அரபிக் குடும்பங்கள் உண்டு. எங்களுக்கு அந்தத் தெம்பு இல்லை.

டிசம்பர் கடைசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அஜ்மானில் ஒரு குடும்பம், வேலை முடிந்து ஊருக்கே திரும்புகிறது. சோபா, வாஷிங் மெஷின், பிள்ளைகளின் சைக்கிள், கூடவே ஒரு சின்ன டிரெய்லர். கல்ஃபில் நாம் வாங்குகிற எல்லாமே இப்படி யாரோ கிளம்பும்போது விற்றதுதான். ஒற்றை அச்சு, தனி பிரேக், காலி எடை 900 கிலோ. தண்ணீர் 60 லிட்டர். மூன்று பேர் படுக்கலாம். பாத்ரூம் என்பது ஒரு அலமாரி அளவு, ஆனால் கதவு இருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது.

இவர் டயரின் தயாரிப்பு வருஷத்தைப் பார்த்துவிட்டு, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று அந்தச் செலவைக் கழித்துப் பேசினார். விற்றவரின் மனைவி சாவியைக் கொடுக்கும்போது உள்ளே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு ஸ்டிக்கரைக் காட்டி, "இது மட்டும் என் பையன் ஒட்டினது, எடுக்காதீங்க" என்றார். எடுக்கவில்லை. வண்டி இப்போது ஊருக்கு வெளியே ஒரு யார்டில் மாத வாடகைக்கு நிற்கிறது.

ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரிய வித்தை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகும். காலி மைதானத்தில் இவர் இரண்டு வெள்ளிக்கிழமை பழகினார். மகள் பின்னால் நின்று கையைக் காட்ட, இவர் கத்த, அக்கம்பக்கத்தில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஜனவரி இரண்டாம் வாரம், அம்மாவின் விசா முடிய ஐந்து நாள் இருக்கும்போது, மறுபடி மலீஹா. அதே வன்னி மரத்துக்குப் பக்கத்தில், வேர் மேல் ஏற்றாமல் தள்ளி நிறுத்தினோம். பெண்கள் மூன்று பேரும் டிரெய்லருக்குள், இவர் வெளியே பழைய டென்டில். கரி அடுப்பைத் தரையிலிருந்து தூக்கி வைத்து மீன் சுட்டோம். குளிர் ஏறியது. அம்மா என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பைக் காதைச் சுற்றி இழுத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில்கூட இத்தனை நட்சத்திரம் இப்போது தெரிவதில்லை என்றார்.

சாப்பிட்டு முடித்து மணி ஒன்பது இருக்கும். மகள் பாத்திரம் கழுவ எழுந்தாள்.

"ஏ பாப்பா, அந்த மோர் இன்னும் இருக்கா?"

"இருக்கு ஆயா. ஏற்கெனவே ரெண்டு டம்ளர் குடிச்சிட்டீங்க."

"அதனால என்ன, இன்னொண்ணு ஊத்து" என்று அம்மா டம்ளரை நீட்டினார்.