சிரத்தையை எங்கே பார்ப்பது?

ஓர் ஆட்டக்காரனுக்குத் திறமை போதாது என்று சொல்லும்போது ரசிகர்களிடையே எழாத உஷ்ணம், அவனுக்குத் திறமை இருந்தும் சிரத்தை இல்லை என்று சொல்லும்போது சட்டென்று எழுந்துவிடுகிறது. முதற்குறைக்கு அவர்கள் இரங்குவார்கள். இரண்டாவதை மோசடியாகவே கருதுவார்கள். வடசென்னை மைதானங்களில் பையன்களுக்கும் லீக் ஆட்டக்காரர்களுக்கும் கால்பந்து பயிற்றுவித்தே காலங்கழித்தவன் நான், கோட்டோரமாக நின்றுகொண்டு, "சார், அந்த ஒன்பதாம் நம்பர் உசுரக் கொடுத்து ஆடலையே, நீங்க கேக்க மாட்டீங்களா?" என்று உரிமையோடு விசாரிக்கும் பெரியவர்களுக்கு விடை சொல்வதும் என் தொழிலின் ஓர் அங்கமாகவே இருந்துவந்திருக்கிறது. அக்கேள்வி அற்பமானதென்று நான் எண்ணியதில்லை. ஆனால் ஒருவனுடைய சிரத்தை கண்ணுக்குத் தெரியும் வஸ்து என்ற நம்பிக்கையின் மேல் அது நிற்கிறதே, அந்த நம்பிக்கையைத்தான் கொஞ்சம் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கின் இரு தரப்பையும் துலக்கிக் காட்ட, பல்கேரிய நாட்டு டிமிட்டார் பெர்படோவைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2008 செப்டம்பர் முதல் தேதியன்று, அதுவரை தான் எவருக்கும் கொடுத்திராத விலையாக 3 கோடி பவுனுக்கும் மேல் கொடுத்து, மான்செஸ்டர் யுனைடெட் கழகம் அவரை டாட்டன்ஹாமிடமிருந்து வாங்கியது. அதே முன்வரிசையில் அப்போது அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவெஸும் இருந்தார். எட்டாதென்று எல்லாரும் கைவிட்ட பந்தையும் துரத்திச் செல்பவர், விழுந்த வேகத்தில் எழுபவர், வியர்வையில் நனைந்த சட்டையோடு எதிரணிக் கோல்கீப்பரின் முகத்துக்கு நேரே போய் நிற்பவர். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று அரங்கமே பாட்டாகப் பாடியது. பெர்படோவோ பந்து வந்து சேரும்வரை பொறுத்திருந்து, வந்த பந்தைக் காலணியின் முனையில் சப்தமின்றி ஏந்திக்கொண்டு, பிறகே அடுத்ததை யோசிப்பவர்போல் தோன்றினார். அந்த அக்டோபரில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக, எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும்போலிருந்த பந்தை ஒரே தொடுகையில் அடக்கி, காவலாளி ஒருவரைச் சுற்றித் திரும்பி, ரொனால்டோவின் காலுக்கு அனுப்பி கோலாக்கிய காட்சியை இன்றும் என் பையன்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆறு மாதங்கள் கழித்து, எவர்ட்டனுடன் ஆடிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் அதே மனிதர் மெல்லத் தட்டிய பெனால்ட்டி உதையை கோல்கீப்பர் டிம் ஹோவர்ட் தடுத்துவிட்டபோது, முந்தைய காட்சியில் நிதானம் என்று மெச்சப்பட்ட அதே குணம் இப்போது அலட்சியம் என்று தூற்றப்பட்டது.

முதல் பருவத்தில் லீக்கில் 9 கோல்கள், இரண்டாவதில் 12. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபார்வர்டுக்கு இது போதாதென்ற முணுமுணுப்பு வளர்ந்துகொண்டிருந்த வேளையில் 2010–11 பருவம் வந்தது. லிவர்பூலுக்கு எதிராக மூன்று, பிளாக்பர்னுக்கு எதிராக ஐந்து, பர்மிங்ஹாமுக்கு எதிராக மூன்று என்று அடித்து, லீக்கில் மொத்தம் 20 கோல்களுடன் பெர்படோவ் பட்டியலின் உச்சிக்கு வந்தார். உச்சியில் அவரோடு சமமாக நின்ற மற்றவர் யாரென்றால், அதற்குள் மான்செஸ்டர் சிட்டிக்கு மாறிவிட்டிருந்த டெவெஸ்தான், அவருக்கும் 20. உழைப்பின் உருவமென்று போற்றப்பட்டவரும் சோம்பலின் உருவமென்று பழிக்கப்பட்டவரும் ஒரே பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். விவாதம் அதோடு முடிந்ததா என்றால் இல்லை: 20 கோல்களில் 11 கோல்கள் மூன்றே ஆட்டங்களில் வந்தவை என்று எதிர்க்கட்சியார் கணக்கெடுத்தார்கள். 2011 மே 28 அன்று வெம்பிளியில் பார்சிலோனாவோடு ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், பதினொருவரில் மட்டுமல்ல, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சிலும்கூட மேலாளர் அலெக்ஸ் ஃபெர்கூசன் அவருக்கு இடமளிக்கவில்லை. நான்கே மாதங்கள் கழித்து, மியூனிக்கில் பாயர்னுக்கு எதிரான ஆட்டத்தில் டெவெஸ் களமிறங்க மறுத்தார் என்று சிட்டி மேலாளர் மான்சினி பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். டெவெஸ் அதை மறுத்தார். ஆயினும் இடையில் தாய்நாட்டுக்குப் போய்விட்ட அவர், அடுத்த மார்ச் வரை சிட்டிக்கு ஆடவில்லை. ஓட்டத்தைக் கொண்டு விசுவாசத்தை அளந்தவர்களுக்கு இதைவிடக் கசப்பான பாடம் கிடைத்திருக்க முடியாது.

ரசிகர் கண்ணின் மேல் எனக்குக் குறையில்லை. அது போகும் வழி இயற்கையானது. பந்து எங்கே போகிறதோ அங்கே கண் போகிறது. தொலைக்காட்சிக் காமிராவும் அப்படியே. ஆனால் தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரனுடைய காலில் பந்து தங்குவது ஏதோ இரண்டு நிமிஷம். மற்ற நேரமெல்லாம் அவன் பந்தில்லாமல்தான் ஜீவிக்கிறான். அந்தக் காலத்தில் நடந்தும் ஓடியும் அவன் கடக்கும் தூரம் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர். அதில் உச்ச வேகத்தில் பாய்வது சில நூறு மீட்டரே. ஆகவே எவனும் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. எதற்கு ஓடுவது, எதற்கு நிற்பது என்று ஒவ்வொருவனும் கணந்தோறும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறான். லியோனல் மெஸ்ஸி ஆட்டத்தின் பெரும்பகுதியை நடந்தே கழிப்பவர் என்பது எல்லாரும் அறிந்தது. 2022 உலகக் கோப்பையை 35 வயதில் வென்றபோதும் அப்படித்தான் நடந்தார். அந்த நடையில் எதிரணிக் காவலர்களிடையே எந்த இடைவெளி அகலுகிறதென்று அவர் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது, இடைவெளி திறந்த மறுகணம் அவர் அங்கே இருப்பதைக் கண்டபிறகே பிறருக்கு விளங்குகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. எதிரணிக் காவலன் நிம்மதியாகப் பந்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கையில், என் ஃபார்வர்ட் ஒருவன் தன்னந்தனியே அவனை நோக்கிப் பாய்ந்தால் கோட்டோரம் கை தட்டும். எனக்கோ வயிற்றைக் கலக்கும். பின்னாலிருக்கும் மிட்ஃபீல்டர்கள் கூடவே ஏறி வராவிட்டால், அந்தப் பாய்ச்சல் தன் முதுகுக்குப் பின்னே ஒரு வெளியைத் திறந்துவிட்டுப் போகிறது. ஒரே பாஸில் எதிரி அதன் வழியே வெளியேறிவிடுகிறான். பாய வேண்டிய சமயங்கள் வேறு: பந்தை வாங்குகிறவன் நம் கோலுக்கு முதுகு காட்டி நிற்கும்போது, அவனுடைய முதல் தொடுகை பிசகும்போது, பக்கக்கோட்டருகே அவன் ஒடுங்கிப்போகும்போது. மற்ற வேளைகளில், இரண்டு எதிரிகளுக்கு நடுவிலுள்ள பாஸ் வழியை மறித்துக்கொண்டு அசையாமல் நிற்பதே பெரிய உழைப்பு. அந்த வழியில் பந்து வராமலே போவதால் அவ்வுழைப்புக்குச் சாட்சியும் இல்லாமற் போகிறது. பாத்திரங்களின் ஓசையைக் கேட்டுச் சமையலின் ருசியைத் தீர்மானிப்பது போன்றதுதான் ஓட்டத்தைக் கண்டு ஆட்டத்தைத் தீர்மானிப்பதும். மார்பில் கச்சைபோல் அணியும் கருவிகள் இப்போது தூரத்தையும் வேகத்தையும் சொல்லிவிடுகின்றன. அந்தத் தூரம் அவசியந்தானா என்பதை அவை சொல்வதில்லை.

அப்படியானால் சிரத்தையை எங்கேதான் பார்ப்பது? ஒருவன்மேல் சந்தேகம் வரும்போது, பந்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவனை மட்டுமே கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். பந்து தன்னிடம் வருமுன் தோளுக்கு மேலாகத் திரும்பிச் சுற்றிலும் பார்க்கிறானா என்பதை முதலில் கவனிப்பேன். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கையர் யூர்டெட் இந்தத் தலைத்திருப்பல்களை எண்ணியெண்ணி ஆராய்ந்து, அடிக்கடி பார்ப்பவர்களின் பாஸ்களே அதிகம் சரியாகப் போய்ச் சேருகின்றன என்று காட்டியிருக்கிறார். அடுத்தது, நம் அணி பந்தை இழந்த முதல் ஐந்து விநாடிகள்: அப்போது வருத்தத்தைக் கையை உதறிக் காட்டிக்கொண்டு நிற்கிறானா, ஓரடியாவது சரியான திசையில் எடுத்துவைக்கிறானா? பிறகு, சகா ஒருவனுடைய தவறால் வந்த ஆபத்துக்கு, தன் தவறால் வந்ததற்கு ஓடுவதுபோலவே ஓடுகிறானா? கடைசியாக, எழுபத்தைந்தாம் நிமிஷத்துக்குப் பின்னும் பந்தைக் கேட்கிறானா? இவற்றில் எதற்கும் மூச்சு வாங்கத் தேவையில்லை. ஆனால் மனம் ஆட்டத்தில் இல்லாதவனால் இவற்றில் ஒன்றைக்கூட நீடித்துச் செய்ய முடியாது.

இந்தப் பரீட்சையில் தோற்றவனையும் உடனே சோம்பேறி என்று தீர்த்துவிட முடியாது என்பதைத் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. சிலர் காயத்தை மறைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். தொடையின் பின்தசையில் பிடிப்பு இருப்பதைச் சொன்னால் இடம் போய்விடுமென்று பயந்து, பாய வேண்டிய இடத்தில் மெல்ல ஓடுவார்கள். சிலருக்குத் தங்கள் வேலை இன்னதென்றே யாரும் சரியாகச் சொல்லவில்லை. தயக்கமெல்லாம் வெளியிலிருந்து பார்க்க மந்தமாகத் தெரியும். எல்லாரினும் ஏமாற்றுகிறவன் பயந்தவன். அவன் எதிரியின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்வான், பாஸ் தன்னை வந்தடையாத இடமாகப் பார்த்து ஓடிக்கொண்டே இருப்பான்; அவனுடைய கிலோமீட்டர்கள் எல்லாரையும்விடக் கூடுதலாகவே இருக்கும், கோட்டோரமும் அவனை உழைப்பாளி என்று வாழ்த்தும். உண்மையிலேயே அக்கறையற்றவனும் இருக்கத்தான் செய்கிறான், அவன் அபூர்வம். அவனைக் கண்டுபிடிக்க ஆட்டத்தைவிடப் பயிற்சி நாளே உகந்தது, ஏனெனில் கூட்டமில்லாத இடத்தில் நடிப்பதற்கு அவனுக்கு அவசியம் இராது. ஆகவே, "ஏண்டா ஓடல?" என்று நான் கேட்பதில்லை, அதற்குத் தலைகுனிவதைத் தவிர எந்தப் பையனுக்கும் விடை தெரியாது. "அந்த பாஸ் வரும்போது நீ எங்க பாத்துட்டிருந்தே?" என்று கேட்டால், காயமோ குழப்பமோ பயமோ ஏதோ ஒன்று அவன் வாயிலிருந்தே வெளிவந்துவிடும்.

எதை உழைப்பென்று கொள்வது என்பதிலும் தேசத்துக்குத் தேசம் சம்பிரதாயம் மாறுகிறது. லிவர்பூலில் ஐந்தாண்டுகள் ஆடிய ஸ்பெயின்காரர் ஷாபி அலோன்சோ, இங்கிலாந்தின் இளம் ஆட்டக்காரர்கள் தங்கள் பலம் எதுவென்று கேட்டால் சறுக்கிப் பாய்ந்து பந்தைப் பறிப்பதைச் சொல்வது தமக்கு வியப்பளித்ததென்று 2011இல் ஒரு பேட்டியில் கூறினார். அவருக்கு அது வேறு வழியில்லாதபோது கையாளும் கடைசி உபாயம் மட்டுமே. புல்லில் சறுக்கி விழுந்தவனுக்கே கரகோஷம் செய்யும் அரங்கில், விழத் தேவையில்லாத இடத்தில் முன்கூட்டியே நின்றவனுக்குப் புகழ் கிடைப்பது துர்லபம். சவுத்தாம்ப்டன் கழகத்துக்காக 209 கோல்கள் அடித்து, எடுத்த 48 பெனால்ட்டிகளில் 47ஐ கோலாக்கிய மேட் லெ டிஸியே, சோம்பேறி என்ற பெயரைச் சுமந்துகொண்டு இங்கிலாந்துக்கு எட்டே ஆட்டங்கள் ஆடியதன் பின்னணியில் இந்தச் சம்பிரதாயத்துக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்னபின், ரசிகரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. வாரமெல்லாம் உழைத்த காசில் சீட்டு வாங்கிக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் வந்து உட்காருகிற அவரால் களத்தில் இறங்கி ஒரு பந்தையும் தொட முடியாது. தம்முடைய வேதனை ஆடுகிறவனுக்கும் இருக்கிறதென்பதற்கு ஏதாவது ஓர் அடையாளத்தைத்தான் அவர் கேட்கிறார். 2013 டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் ஆர்சனல் 6–3 என்று தோற்றபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த ரசிகர்களைப் பார்த்துக் கை தட்டாமலே வெளியேறிய மெசூட் ஓசிலை, அவருடைய நாட்டுக்காரரும் சகாவுமான பெர் மெர்டெசாக்கர் களத்திலேயே வைத்துக் கடிந்துகொண்டார். ஓசில் அன்று எவ்வளவு ஓடினார் என்பதைப் பற்றியதல்ல அந்தக் கண்டிப்பு. பெற்றுக்கொண்டதற்கு மரியாதை திருப்பித்தர வேண்டுமென்பதைப் பற்றியது. அதே ஓசில் 2015–16 பருவத்தில் லீக்கில் 19 கோல்களுக்குப் பாஸ் கொடுத்தார். ஆயினும் தோள்கள் தளர்ந்த அவருடைய தோற்றத்தைப் பற்றிய புகார் மட்டும் அடங்கவில்லை. ஆகவே என் பையன்களுக்கு இரண்டு பாடங்களையும் தனித்தனியே கற்பிக்கிறேன்: தேவையில்லாத ஓட்டம் ஓடாதே, ஆட்டம் முடிந்ததும், தோற்றிருந்தாலும், வந்தவர்களைப் பார்த்துக் கை தட்டிவிட்டு வா.

பெர்படோவை நம் பக்கத்து ரசிகர்களும் பார்த்தார்கள். 36 வயதில், 2017இல், அவர் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு வந்தார். கொச்சி அரங்கம் மஞ்சள் மயமாகி ஆரவாரித்தது. காயங்களுக்கிடையே சில ஆட்டங்கள் ஆடி, ஒரே ஒரு கோல் அடித்து, அணி கையாண்ட ஆட்டமுறையைப் பகிரங்கமாகக் குறை கூறிவிட்டு அவர் விடைபெற்றபோது, பணத்துக்காக வந்தவர் என்று ஒரு கட்சியும், அவர் காலுக்குப் பந்தைக் கொடுக்கத் தெரியாத அணி என்று மற்றொரு கட்சியும் வாதாடின. மான்செஸ்டரில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த அதே வழக்கு, சாட்சிகள் மட்டும் மாறி, மலையாளத்தில் மறுபடி நடந்தது.

நாள்தோறும் பயிற்சிக் களத்தில் அவரைப் பார்த்த ஃபெர்கூசன், 2013இல் வெளியான தம் சுயசரிதையில், பெர்படோவிடம் தன்னம்பிக்கை எதிர்பாராத அளவுக்குக் குறைவாக இருந்ததாக எழுதினார். அரங்கம் கர்வமென்றும் சோம்பலென்றும் கண்ட அதே முகத்தில், அருகிலிருந்தவர் கண்டது கூச்சத்தை. சோம்பலுக்கு மருந்து தண்டனை. கூச்சத்துக்கு மருந்து ஆதரவு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நோய் முற்றும். ரசிகருக்கு இந்தப் பேதம் அவசியமில்லை. அவர் கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், அந்த உரிமையை அவர் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறார். மறுநாள் காலை அதே பையனை மைதானத்தில் சந்திக்க வேண்டிய பயிற்சியாளனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நோய் இன்னதென்று தெரியுமுன் தீர்ப்புச் சொல்கிறவன், அந்தப் பையனைவிடத் தன் வேலையில் சிரத்தை குறைந்தவன்.