நாற்பத்தோராயிரம் எதுகை

கந்தபுராணத்தின் யாப்பை அறிய வேண்டுமானால் புத்தகத்தை மூடிவிட்டுப் புராணப் படிப்பு நடக்கும் கோயிலுக்குப் போவதே நல்லது. திருகோணமலை உவர்மலையில் (பெயர்ப்பலகைகளில் ஓர்ஸ் ஹில்) உட்கார்ந்து அச்சுப் பிரதியில் பென்சிலால் சீர் பிரித்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். பென்சிலுக்கு அகப்படுவது கணக்கு மட்டும்தான்.

கணக்கும் லேசுப்பட்டதல்ல. 10,345 பாட்டு, பாட்டுக்கு நாலடி. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்துவர வேண்டும் என்றால், நூலைப் பாடிய கச்சியப்ப சிவாசாரியார் 41,000க்கு மேற்பட்ட இடங்களில் எதுகைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லா எழுத்தும் ஒரேபோல் கைகொடுப்பதில்லை. 'ன்ன' என்றால் கவலையில்லை: அன்ன, இன்ன, முன்னர், மன்னவன், பன்னரும் என்று சொற்கள் வரிசையில் நிற்கும். 'ண்ட'வும் அப்படித்தான். 1008 அண்டங்களை ஆண்ட சூரபன்மனின் கதையில் அண்டம், கண்டனன், கொண்டு, தண்டம் எல்லாம் அழையாமலே வரும். 'ழ்' போன்ற எழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் புலவரின் கெட்டித்தனம் தெரியும்.

தொடக்கச் செய்யுளிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. கந்தபுராணத்தின் காப்பு, கம்பராமாயணத்தின் கடவுள் வாழ்த்து, சேக்கிழாரின் பெரியபுராணத்து முதற்பாட்டு மூன்றும் ஒரே நடையில் அமைந்த கலிவிருத்தங்கள். அடிக்கு நாலு சீர்; முதற்சீர் மா, பின்னவை பெரும்பாலும் விளம். ஒற்றை விட்டு எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 11 எழுத்து, நிரையசையில் தொடங்குவதற்கு 12. மூன்று காப்பியங்களின் வாசற்படியும் ஒரே உயரம். மரபு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கென்னவோ பெருங்கதையொன்றைத் தொடங்கக் காதுக்குப் பழகிய, மூச்சு வாங்காத நடை தேவைப்பட்டது என்றுதான் தோன்றுகிறது.

கோயிலில் நடப்பதோ வேறு. ஒருவர் வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். வாசிப்பவர் பாட்டை இராகத்தோடு முழுதாகப் பாடிவிட்டுத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்க, பயன் சொல்பவர் அந்தத் துண்டுக்குப் பொருள் விரிப்பார். பொருள் சில நேரம் நீண்டுவிடும். ஊர்க்கதைகூட இடையில் வந்து போகும். மீண்டும் பாட்டைப் பிடிக்கும்போது சபையில் இருக்கும் கிழவிக்கும் எந்த அடியில் நிற்கிறோம் என்பது தெரிகிறதே, எப்படி? எதுகைதான். எழுதுபவருக்கு நெருக்கடியாக இருந்தது கேட்பவருக்குக் கைப்பிடியாகிவிடுகிறது. 'என்றலும்', 'ஆயிடை', 'அவ்வழி' என்று திரும்பத் திரும்ப வரும் சொற்களும் அப்படியே. பென்சிலோடு படித்தபோது ஓசை நிரப்ப வந்தவை என்று ஓரத்தில் கோடு போட்டு வைத்தேன். கேட்கும்போது அவையே கதையின் மூட்டுகள்: பேசியவர் முடித்துவிட்டார், இனி வேறொருவர் வாய் திறக்கப்போகிறார் என்று அறிவிப்பவை.

திரும்ப வரும் தொடர்களைப் பற்றி நம் நாட்டில் ஆழமாகச் சிந்தித்தவர் க. கைலாசபதி. ஹோமரின் காவியங்களில் மீண்டும் மீண்டும் வரும் அடைமொழிகள் யாப்பின் இடத்தை நிரப்பும் ஆயத்தத் தொடர்கள் என்று ஆய்வாளர் மில்மன் பரி காட்டியிருந்தார். 1930களில் யூகோசிலாவியாவுக்குப் போய் உயிருள்ள பாடகர்களிடமும் ஒலிப்பதிவு செய்தார். அந்த வழியில் சங்கப் பாடல்களை ஆராய்ந்த கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சங்கப் பாட்டு வாய்மொழிப் பாட்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கந்தபுராணம் ஏட்டில் எழுதப்பட்ட நூல். அதில் அந்தச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அதன் திரும்பல்கள் வாய்க்கும் காதுக்குமாகவே இருக்கின்றன. எழுத்தில் பிறந்தாலும் பாட்டு செவிக்கென்றே பிறக்கலாம். இந்த இடம் வாதத்தில் போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம்.

திரும்பல் என்றால் இந்த ஊரில் சம்பந்தரை விட்டுவிட்டுப் பேச முடியாது. மூன்றாம் திருமுறையில் உள்ள கோணமலைப் பதிகம், பண் புறநீர்மை. நீளமில்லை, ஆனால் நெடும்பாட்டின் இயந்திரம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. அடிக்கு ஏழு சீர்: விளம், மா, விளம், மா, பிறகு விளம், விளம், மா. கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டின் கடைசி மூன்று சீரும் மாறாமல் திரும்பும். மலையின் பெயர் அதில் ஒரு சீருக்குள் அடங்காமல் அடுத்த சீருக்குள் கால் வைக்கிறது. முதற்சீருக்கும் ஐந்தாம் சீருக்கும் மோனை வர வேண்டுமாதலால், ஈற்றடி 'கு', 'கொ', 'கோ' என்றே தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்திலேயே இரண்டாம் எழுத்தில் எதுகையும் நிற்க வேண்டும். இத்தனை இறுக்கத்துக்குள் கடலின் இரைச்சலையும் முத்தையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். உவர்மலைக்குக் கீழே உட்துறைமுகத்து நீர் சத்தமே போடாது. சம்பந்தர் பாடியது கோணேசர் கோயில் பக்கத்துத் திறந்த கடல். அதையும் பார்த்துப் பாடவில்லை, இராமேசுவரத்தில் இருந்தே பாடினார் என்கிறது பெரியபுராணம்.

பதிகத்தின் கடைசிப் பாட்டில் அந்த மூன்று சீர் ஈற்றடியில் இல்லை. இரண்டாம் வேற்றுமை ஏற்று முதலடிக்கு வந்துவிடுகிறது. கேட்பவர் நாவில் அது ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டு செய்த காரியம். விட்ட ஈற்றடியில் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் கிடைக்கும் பலனைச் சொல்லி முடிக்கிறார்.